உள்ளங்கைக் குழி

மாவுக்கட்டு அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறவளை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாக்டர்களுக்கு அவள் ‘மாவுக்கட்டு’, நர்சுகளுக்கு ‘மாவுக்கட்டக்கா’. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. பெயர் எல்லோருக்கும்தான் இருக்கிறது.

வீட்டிலும் அதே கதைதான். பந்து பட்டு விரல் பிசகினவன், பஸ் கதவில் கையை விட்டவள் என்று தெருவில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் அவள் வீட்டுப் படிதான் ஏறுவார்கள். விரலைப் பிடித்துக்கொண்டு, “காலைல எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க?” என்று கேட்பாள். வந்தவர் யோசிக்க ஆரம்பிக்கும்போது ஒரே இழுப்பு. மூட்டு உள்ளே போவது அவளுடைய கட்டைவிரலுக்கு மட்டும் கேட்கும். வந்தவர் பதில் சொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் விதி வேறு. எக்ஸ்ரே படம் எடுக்காமல் எந்த மூட்டையும் தொடக்கூடாது. அதை எழுதிய தாளைக் கட்டு அறைச் சுவரில் ஒட்டியவளே அவள்தான். மூன்று வருடம் முன்னால் அவளோடு வேலை பார்த்த ஒருவர், படம் எடுக்காமல் ஒரு கிழவரின் தோளை ஏற்றப்போய், எலும்பு உடைந்து, மறுநாளே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்த மனிதருக்காக அவள் உச்சுக் கொட்டினாள். தன் வீட்டுச் சுவரில் அப்படி ஒரு தாள் இல்லையே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டுக்கு வந்திருந்த தங்கை, குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கையை விரித்து ஊன்றியபடி விழுந்திருந்தாள். வலது கை ஆள்காட்டி விரல் பின்பக்கமாகக் கொஞ்சம் நிமிர்ந்து, நடுவிரல் பக்கம் சாய்ந்து நின்றது.

“அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். என்னவோ மாதிரி இருக்கு.”

“ஆஸ்பத்திரியே உன் எதிர்ல நிக்குது. எங்கடி போற?”

தங்கை வலியிலும் சிரித்துவிட்டாள். கையை நீட்டினாள்.

தங்கை எட்டு வயது இளையவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் உள்ளறை மேஜை அவளுடையது. சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்துவது, எறும்புத் தலை அளவுத் திருகாணியை முடுக்குவது, வளைந்த காதுக் கம்பியை நேராக்குவது. குச்சி போன்ற திருப்புளியின் தலையில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்திக்கொண்டு மற்ற இரண்டு விரலால் உருட்டுவாள். கல்யாண வீட்டில்கூட யாராவது கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, “கொஞ்சம் லூசா இருக்கு பாரும்மா” என்று நிற்பார்கள். “அக்கா எலும்பை மாட்டுவா, தங்கச்சி கண்ணாடியை மாட்டுவா” என்று சித்தப்பா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொல்லிச் சிரிப்பார். அக்காவிடம் யாரும் சும்மா வருவதில்லை. ஏதாவது உடைய வேண்டும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தங்கை கையை நீட்டியபோது, பதற்றத்துக்கு அடியில், ஒரு சின்னச் சந்தோஷம் தலைகாட்டியது. இப்போது நீயும் வந்தாயா என்பது போல.

கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில், விரல் தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, ரேகையில் ஒரு குழி. தோல் உள்பக்கமாக இழுபட்டு, பொத்தான் தைத்த மெத்தை போலச் சுருங்கியிருந்தது.

அவள் இழுத்தாள். வரவில்லை. தங்கையின் முழங்கையைத் தன் விலாவோடு அணைத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தாள். ரப்பரை இழுப்பது போல இருந்தது. விட்டதும் பழைய இடத்துக்கே போயிற்று.

“அக்கா, போதும்க்கா.”

“இரு. வருது.”

மூன்றாவது தடவை தங்கை கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. உள்ளே ஏதோ உரசி நகர்ந்தது. விரல் முன்னைவிடக் கொஞ்சம் நேராகத் தெரிந்தது. “அவ்ளோதான்” என்றாள் அவள். தனக்கே சொல்லிக்கொள்வது போல இன்னொரு தடவையும் சொன்னாள். கட்டைவிரலுக்கு எதுவும் கேட்கவில்லை. வீக்கத்தில் கேட்டிருக்காது என்று வைத்துக்கொண்டாள். தகடு வைத்து, விரலை நேராக நீட்டி, அழகாகக் கட்டினாள். படம் எடுக்கட்டுமா என்று தங்கை கேட்டதற்கு, “நான் வச்ச கட்டுக்கு எதுக்குப் படம்?” என்றாள்.

நான்கு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது விரல் மடங்கவில்லை. கட்டுப் போட்ட எந்த விரலும் முதலில் மடங்காது. ஆகவே தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் தங்கை வீட்டுக்குப் போனாள். வெந்நீரில் கையை ஊற வைத்து, விரலைப் பிடித்து, அடியிலிருந்து மடக்கிப் பார்த்தாள். தங்கை மேஜை விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். நுனி மூட்டு மடங்கியது. நடு மூட்டு மடங்கியது. அடி மூட்டு மட்டும் கதவுக்கு முட்டுக்கொடுத்தது போல நின்றது.

“கடைல என்ன சொல்றாங்க?”

“கண்ணாடி தொடைச்சுக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. என் ஸ்டூல்ல வேற ஒரு பொண்ணு. நல்லாத்தான் பண்றா.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “கொஞ்சம் வேகமா முடுக்கறா. மரை போயிடும். சொல்லல.”

இப்படி இரண்டு வாரம். இந்த நாட்களில் அக்காவின் மனம் தனக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துகொண்டது. குளியலறை வாசலில் வெளிச்சம் போதவில்லை. குழி ஒன்று இருந்திருக்கலாம், ஆனால் அதைப் பார்த்தது இழுத்த பிறகுதான். வீங்கின கையில் எத்தனையோ சுருக்கம் விழும். கடிதத்தை மடிப்பது போல அந்த மதியத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். ஆனாலும், மாவுத்துணியை நீரில் முக்கும்போது, எங்கிருந்தோ பழைய எலும்பு டாக்டரின் குரல் வரும். அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவர் ஒரு நோயாளியின் உள்ளங்கையை விளக்குக்குக் கீழே பிடித்துக் காட்டினார். “இந்தக் குழியைப் பாத்துக்க. இது தெரிஞ்சா கையைக் கட்டிக்கிட்டு நில்லு. இழுக்காத. இது கத்திக்குத்தான் கேக்கும்.” அப்படி ஒரு கையை அதற்கப்புறம் அவள் பார்த்ததே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

கடைசியில் ஒரு நாள், கூட்டம் குறைந்த நேரத்தில், தங்கையை வரச்சொல்லிப் படம் எடுத்தாள். ஈரம் காயாத படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள், அப்படியே நின்றாள். விரல் எலும்பு, உள்ளங்கை எலும்பின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆறு வாரமாக. அதற்குமேல்தான் அவள் அவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாள்.

தங்கை படத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது.

“நீ வாயத் தொறக்காத” என்றாள் தங்கை, நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தபடி. “தோள் ஏத்தினாரே ஒருத்தர், அவர் கதை எனக்கும் தெரியும். நான் பாத்துக்கறேன்.”

கை டாக்டர் அக்காவைவிட வயதில் சின்னவர். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

“ஆறு வாரமா என்னம்மா பண்ணீங்க?”

“சுளுக்குன்னு விட்டுட்டேன் டாக்டர்.”

“சொந்த அக்கா இதே ஆஸ்பத்திரில கட்டு அறைல இருக்காங்க. ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?”

“தோணல டாக்டர்.”

“படிச்சவங்கதானே நீங்க? அன்னைக்கே வந்திருந்தா அரை மணி நேர வேலை. இப்ப ரெண்டு பக்கமும் திறந்து பாக்கணும். திறந்தாலும் பழைய விரல் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்.”

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள், பாடம் ஒப்பிக்காத பிள்ளை போல. பக்கத்தில் நின்ற அக்கா, பரிசோதனை மேஜையின் விரிப்பில் ஒரு சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். நீவ நீவ அது வேறொரு இடத்தில் எழுந்தது.

கை அறுவைகளில், விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுடைய வேலைகளில் ஒன்று. “உங்க தங்கச்சியாச்சே, வேற யாரையாவது கூப்பிடட்டுமா?” என்று டாக்டர் கேட்டார். “வேண்டாம் டாக்டர், நானே பிடிக்கறேன்” என்றாள். வேறொருவர் பிடித்தால் தங்கைக்குத் துணையாக உள்ளே இருக்க முடியாது என்று தனக்குக் காரணம் சொல்லிக்கொண்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பது தானாக இருக்க வேண்டும் என்பதுதான் உண்மை.

அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்க வைத்தார்கள். தங்கை விழித்திருந்தாள். அவள் கழுத்துக்குக் கீழே பச்சைத் துணியை மறைப்பாகக் கட்டினார்கள். அந்தப் பக்கம் முகம், இந்தப் பக்கம் கை. மரத்துப்போன கை தன் கனம் முழுவதையும் பிடித்திருப்பவர் மேல் போட்டுவிடும். ரத்தம் ஏறாமல் மேல்கையில் பட்டை இறுக்கியிருந்ததால் விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. அவள் அவற்றை விரித்துப் பிடித்தாள். சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடித்த கை. அப்போது அது திமிறிக்கொண்டே இருக்கும்.

டாக்டர் உள்ளங்கையைத் திறந்தார். தியேட்டர் நர்ஸிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார்.

“பாத்தீங்களா, தோலுக்கு அடிலயே நரம்பு. எலும்புத் தலைமேல நூல் மாதிரி இழுத்துக் கெடக்கு. கொஞ்சம் ஆழமா கத்தி வச்சிருந்தா போயிருக்கும்.” சற்று நேரம் கழித்து: “இந்தப் பக்கம் தசை. அந்தப் பக்கம் தசைநார். நடுவுல எலும்போட தலை மாட்டிக்கிச்சு. மூட்டுக்கு அடில இருக்கற தடிச்ச சவ்வு அறுந்து உள்ள போய் அடைச்சிருக்கு. இத வெளிய இருந்து இழுத்தா என்ன ஆகும்?”

“இறுகும்” என்றார் நர்ஸ்.

“ஆமா. சுருக்குக் கயிறு மாதிரி. இழுக்க இழுக்க இறுகும்.”

கையின் மேல்பக்கமும் திறந்து, சவ்வை நெடுக்காகக் கீறி, ஒட்டிப்போயிருந்ததையெல்லாம் விடுவித்து, எலும்பைப் பக்குவமாக நெம்பினார். அது உள்ளே போனது. அக்காவின் கட்டைவிரலுக்குக் கேட்டது. ஆறு வாரம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய சத்தம்.

ஆனால் டாக்டர் நிமிரவில்லை. மூட்டின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“குருத்தெலும்பு செதுக்கின மாதிரி போயிருக்கே. விழுந்ததுல இவ்ளோ வராது.” மறைப்புத் துணிக்கு மேலாகக் கேட்டார்: “ஏம்மா, இத யாராவது இழுத்தாங்களா?”

“இல்ல டாக்டர்.” துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

“யாரோ இழுத்திருக்காங்கம்மா. ஒரு தடவை இல்ல.”

பட்டையில் காற்று நிற்கிற அளவைக் காட்டும் கருவி மெதுவாக ‘இஸ்’ என்றது.

“நானேதான் டாக்டர். நானே இழுத்துக்கிட்டேன்.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இடது கையாலயா? பெரிய பலசாலிதான் நீங்க.” நர்ஸும் முகமூடிக்குள் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்தது. துணிக்கு அந்தப் பக்கம் ஒரு காத்திருப்பு இருந்தது. அது டாக்டரின் அடுத்த கேள்விக்கான காத்திருப்பு இல்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது. வாய் முகமூடிக்குள் திறந்தது. ஈரமான துணி உதட்டில் ஒட்டியது. ‘நான்தான்’ என்பதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும்? அவள் அந்த மூச்சை எடுத்தாள். எடுத்ததை மூக்கு வழியாக விட்டாள்.

“மாவுக்கட்டு, கை ஆடுது. நல்லாப் பிடிங்க” என்றார் டாக்டர்.

நல்லாப் பிடித்தாள். மூட்டை நகராமல் நிறுத்தும் கம்பி உள்ளே போயிற்று. அதற்கப்புறம் அவள் போட்ட மாவுக்கட்டு, இருபத்திரண்டு வருடத்தில் போட்டதிலேயே நேர்த்தியானது. விளிம்பு ஒரு இடத்தில்கூட உறுத்தாது.

மூன்று வாரம் கழித்து, கம்பி எடுக்கிற நாளில், தங்கை கட்டு அறைக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து கையை மேஜைமேல் வைத்தாள். அக்கா மாவுக்கட்டை வெட்டி எடுத்துவிட்டு, இடுக்கியால் கம்பியைப் பிடித்து, உருட்டி, உருவினாள். துளையில் ஒரு சொட்டு ரத்தம் வந்து நின்றது. உள்ளங்கையில் குழி இல்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு வளைந்த தழும்பு.

“அன்னைக்கு தியேட்டர்ல” என்றாள் தங்கை, தழும்பைப் பார்த்தபடி, “நானேதான் இழுத்துக்கிட்டேன்னு சொன்னனே... நீ ஏதாவது சொல்லுவன்னு நெனச்சேன்.”

அக்கா பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள்.

“நீதான வாயத் தொறக்காதன்ன.”

“ஆமா” என்றாள் தங்கை. “நான்தான் சொன்னேன்.”

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசியிருக்கலாம். வாயை மூடு என்று ஒருவர் சொல்வதற்கும், மற்றவர் மூடியே இருப்பார் என்று அவர் நம்புவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அவளுக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை. தகடு வைத்து, மேலே துணிச்சுருளைச் சுற்றி, தங்கையை டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். விரலை மடக்கினார். அடி மூட்டு கொஞ்சம் அசைந்து நின்றது.

“பயிற்சி பண்ணுங்க. ஆனா பாதி மடங்கினாலே பெருசு. சின்ன வேலை, அழுத்திப் பிடிக்கற வேலை...” டாக்டர் முடிக்கவில்லை. “என்ன வேலை பாக்கறீங்க?”

“கண்ணாடி தொடைக்கறேன் டாக்டர்” என்றாள் தங்கை.

“நான்தான் இழுத்தேன்” என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

“எத்தனை தடவை?”

“மூணு தடவை. எங்க வீட்ல. படம் எடுக்கல. நானேதான் கட்டுப் போட்டேன். அப்புறம் ரெண்டு வாரம் தினமும் மடக்கினேன்.”

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா விரல் மடங்கியிருக்குமா டாக்டர்?”

“இல்ல” என்றார் டாக்டர். “அதுக்காக மட்டுந்தான் சொல்லணுமா?”

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒன்பது வாரமாக மடித்து வைத்தது தானாகவே பிரிந்துகொண்டு வந்தது.

“உள்ளங்கைல குழி இருந்துச்சு டாக்டர். அது இருந்தா இழுக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்.”

இப்போதுதான் தங்கை திரும்பினாள். தழும்போடு கிடந்த கையை மற்றொரு கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எப்பப் பாத்த?”

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

“எப்பக்கா பாத்த? இழுத்தப்புறமா?”

வெளிச்சம் போதவில்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. “முன்னாடி” என்றாள். “முதல் தடவைக்கு முன்னாடி.”

“தெரிஞ்சுமா?”

“வந்துடும்னு நெனச்சேன். எனக்கு எல்லாம் வரும்ல, அதனால.” பிறகு சொன்னாள்: “நீ கையை நீட்டிட்ட.”

தங்கை அழவில்லை. எழுந்து, இடது கையால் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். டாக்டர், நோயாளியின் கோப்பில் இரண்டு வரி எழுதினார். “நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும்” என்றார். “அவங்க சொல்ற வரைக்கும் நீங்க கட்டு அறைக்குப் போக வேண்டாம்.”

அவள் தலையாட்டினாள். மேஜைமேல் தகடும் பிரித்த துணிச்சுருளும் கிடந்தன. யாரும் அவற்றைத் திரும்பக் கட்டவில்லை.

நடையில், அதே பெஞ்சில், தங்கை உட்கார்ந்திருந்தாள். வெறும் கை மடியில் இருந்தது. பஸ்ஸில் யாராவது இடித்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அக்கா தகட்டையும் துணியையும் பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். தங்கை தகட்டை எடுத்து விரலுக்கு அடியில் வைத்தாள். துணியின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு இடது கையால் சுற்றினாள். இரண்டு சுற்றில் தகடு நழுவியது. மறுபடி வைத்தாள். மறுபடி நழுவித் தரையில் விழுந்து சத்தமிட்டது. கட்டு அறை வாசலில் வரிசையில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து, “மாவுக்கட்டக்கா, இன்னும் லேட் ஆகுமா?” என்று கேட்டார்.

அக்கா தகட்டை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது தங்கையின் கை அவள் முன்னால் நீண்டிருந்தது. முகம் மறுபக்கம், படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் மண்டியிட்டு, தகட்டைத் துடைத்து வைத்து, சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சுற்று. அதன்மேல் பாதி ஏறி இன்னொரு சுற்று. விரல்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தன.

“இறுக்காத” என்றாள் தங்கை.